துட்டி வீட்டுக்குப் போன பில்

“துட்டி வீட்டுக்கு ‘மீண்டும் வருக’ன்னு எழுதி அனுப்பியிருக்கியே, ஒன்னைய இங்கிலீசு பள்ளிக்கூடத்துல படிக்க வச்சாகளே, அங்க இதத்தான் சொல்லிக் குடுத்தாகளா?”

இப்படித்தான் கேட்டார் என் வீட்டுக்காரர். துட்டி வீடு என்றால் எங்கள் பக்கம் சாவு வீடு. ஒரு வார்த்தை நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடை வாசலில் வைத்துக் கேட்டார். சாமியானாத் துணியை உதறிக்கொண்டிருந்த ஆட்கள் முன்னால், எதிர் டீக்கடைக்காரர் முன்னால். பெண்டாட்டியைத் திட்டுவதற்கு ஒரு இடம், ஒரு நேரம் வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள். அந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொண்டால் நான் நன்றாக உட்கார்ந்துகொள்வேன். ஆங், போதும். நெடுங்குளம் பிரிகிற விலக்கில் இறங்க வேண்டும். நீங்கள் அதையும் தாண்டியா? நல்லது. அதுவரைக்கும் பேச்சுத் துணை ஆயிற்று.

நான் என்ன பதில் சொன்னேன் என்று கேளுங்கள். “அது தானாப் போற மெசேஜுங்க” என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? அதற்கு அவர், “தானாப் போகுதுன்னா நடுவுல நீ எதுக்கு இருக்கே?” என்கிறார். டீக்கடைக்காரர் அடுப்பு எரிகிறதா என்று குனிந்து பார்த்தார். அவர் அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது.

முதலில் இருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எங்களுக்கு அருப்புக்கோட்டையில் வாடகைக் கடை. சாமியானா, நாற்காலி, மணவறை, சீரியல் லைட், அண்டா, தேக்சா, ஜல்லிக்கரண்டி. அதோடு ஐஸ் பெட்டி. ஐஸ் பெட்டி எதற்கென்று உங்களுக்குத் தெரியும், செத்தவர்களைக் கிடத்துவதற்கு. கடைக்கு இவர் பெயர்தான், தனுஷ்கோடி வாடகை நிலையம். நல்ல பெயர், நல்ல கடை. ஆனால் பில் என்று ஒன்று இருக்க வேண்டாமா? இவர் கணக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகையின் முதுகில். இடம் பற்றவில்லை என்றால் குடோன் கதவில் சாக்பீஸ். மழை அடித்தால் அந்தக் கல்யாணமே நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பெரிய அண்டா எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். சாமி வந்து காதில் சொல்லுமா?

ஒரு நாள் ஒரு ஆபீசர் வீட்டம்மா பில் கேட்டார். காது குத்து வீடு. இவர் என்ன செய்தார் தெரியுமா? சுவரில் தொங்கிய நாள்காட்டியில் அன்றைய தேதியைக் கிழித்து, அதன் பின்னால் எழுதி, “இந்தாங்கம்மா பில்லு” என்று நீட்டினார். அந்தம்மா வாங்கித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். நான் அங்கேயே நின்றேன். சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கப் போனவள். எனக்கு அந்த அண்டாவுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

நான் மதுரையில் கான்வென்டில் படித்தவள். வகுப்பில் முதல். கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் படிப்பை வைத்து என்ன செய்தேன்? மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தேன். அவளும் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டாள். மிச்சம் இருப்பது கேஸ் சிலிண்டருக்குப் போன் செய்வது. அதற்கு ஒரு கான்வென்ட் வேண்டுமா?

என் தம்பி மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கேட்டேன். “அத்தை, அதுக்கெல்லாம் கோடிங் தெரியணும். உங்களுக்கு எதுக்கு இந்த வேலை, சீரியல் பாருங்க” என்றான். சீரியல் பார்க்கச் சொல்கிறான்! போனைக் கட் செய்துவிட்டு நானே தேடினேன். கோடிங்கே இல்லாமல் ஆப் செய்யலாம் என்று ஒரு பையன் வீடியோவில் கத்திக் கத்திச் சொல்கிறான். பார்த்தால், அட, கோலம் போடத் தெரிந்தவளுக்கு இது ஒரு வேலையே இல்லை. ஒரு பெட்டியை இழுத்து வை, அதில் வாடிக்கையாளர் பெயர். இன்னொரு பெட்டி, அதில் சாமான். நடுவில் கோடு இழுத்துச் சேர்த்தால் அதுவே பெருக்கி, கூட்டி, கீழே மொத்தம் போட்டுவிடுகிறது. அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ரசம்தான். பால் பொங்கி வழிந்தது, அடுப்பைத் துடைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. ஆனால் செய்து முடித்தேன். கடைப் பெயர் மேலே, ஒரு சின்ன மணவறைப் படம் ஓரத்தில். சாமான் திரும்பி வந்ததும் ‘திரும்பியது’ என்று ஒரு டிக். அந்த டிக் விழுந்த நொடியே வாடிக்கையாளர் போனுக்கு பில் போய்விடும். யாரும் கையால் அனுப்ப வேண்டாம்.

எங்கள் கான்வென்டில் சிஸ்டர் பெனிக்னா என்று ஒருவர். கடிதம் எழுதச் சொல்லிக் கொடுப்பார். கடைசி வரியில் மரியாதை இல்லாத கடிதம் கதவை அடித்துச் சாத்துவது மாதிரி என்பார். அதனால் பில்லின் கடைசியில், ‘உங்கள் நிகழ்ச்சி சிறப்பாக நடந்ததா? எங்கள் சேவைக்கு நட்சத்திரம் கொடுங்கள். நன்றி, மீண்டும் வருக.’ கீழே அமுக்குவதற்கு ஐந்து நட்சத்திரம். இதில் என்ன குறை? பெரிய பெரிய கடையெல்லாம் கேட்கவில்லையா?

என்ன நிகழ்ச்சி என்பதற்கு ஒரு பட்டியல் வைத்தேன். கல்யாணம், சடங்கு, காது குத்து, வளைகாப்பு, பால் காய்ச்சு. இவர் சாப்பிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். “அதுல துட்டி வீட்டச் சேக்காத” என்றார்.

“ஏன்?”

“அதுக்கு பில்லு கெடையாது.”

கிடையாதாம். ஐஸ் பெட்டி சும்மாவா ஓடுகிறது? கரண்ட் சும்மாவா? எங்கள் பக்கம் இது ஒரு பழக்கம், உங்கள் ஊரில் எப்படியோ. துட்டி வீட்டில் இருந்து ஆள் வந்தால் இவர் முன்பணம் கேட்க மாட்டார். என்ன சாமான், எத்தனை நாள், எதுவும் கேட்க மாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சாமான் திரும்பி வந்ததா என்றும் கேட்க மாட்டார். கருமாதி எல்லாம் முடிந்து, அந்த வீட்டு ஆள் ஒருவர் அவராக வந்து மேசை மேல் எதையோ வைத்துவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போவார். இவரும் வாங்க என்று சொல்ல மாட்டார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரு வியாபாரம். அதற்குப் பில் எங்கே போடுவது, யார் தலையிலா?

“எல்லாருக்கும் ஒரே ரூல்தாங்க. சிஸ்டம்னா அப்படித்தான்” என்றேன். ஆனாலும் அவர் சொன்னாரே என்று பட்டியலில் துட்டியைச் சேர்க்கவில்லை. ‘மற்றவை’ என்று ஒன்று போட்டேன். விட்டுக்கொடுத்தேன் பாருங்கள். அதை யாரும் பேசுவதில்லை.

ஆரம்பத்தில் என்ன பெருமை தெரியுமா! முதல் கல்யாண பில் போனதும் மண்டபத்து மேனேஜர் போன் செய்து, யார் செய்தது என்று கேட்டார். இவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டீக்கடைக்காரரிடம் போனை நீட்டி, “எங்க வீட்டுல செஞ்சது. இந்தா, இங்க அமுக்குனா மொத்தம் வருது பாரு” என்று காட்டியிருக்கிறார். பஜ்ஜி தின்ன வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாராம். எண்ணெய்க் கையோடு அமுக்கிப் பார்த்தார்களாம். டீக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். இவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை… சரி, விடுங்கள்.

டிரைவர் அடிக்கிற அடியைப் பாருங்கள். பள்ளம் மேடு தெரியாதா இவனுக்கு?

அப்புறம்தான் இருளப்பன் மாஸ்டர் போய்ச் சேர்ந்தார். சமையல் மாஸ்டர். இந்த நெடுங்குளத்துக்காரர்தான். இவர் கடை வைத்த புதிதில், “சாமான் தனுஷ்கோடிகிட்ட எடுத்தா நான் சமைக்கிறேன், இல்லேன்னா வேற ஆளப் பாருங்க” என்று ஊர் ஊராகச் சொன்னவர். கூடப் பிறக்காத அண்ணன். இவர் அவரை அண்ணே என்பார், அவர் பெண்சாதி பேச்சியம்மாளை மதினி என்பார். எனக்கு அக்கா. காலையில் செய்தி வந்தது. இவர் குடித்த காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். முட்டி வலி வந்ததில் இருந்து ஏணியில் ஏறுவதே இல்லை. அன்றைக்கு ஏறினார். சாமியானா முடிச்சை ஒருவரையும் தொட விடவில்லை, அவரே கட்டினார்.

நானும் போனேன். போகாமல் இருப்பேனா? மாலை போட்டேன். பொம்பளைகள் எல்லாம் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். எனக்கு அந்த மாதிரி அழ வராது. பாட்டுக் கட்டி அழ யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நிற்பது? சும்மா நிற்பதற்கு, அங்கேயே நாற்காலிகளை எண்ணி, ஐஸ் பெட்டியையும் சேர்த்துப் போனில் ‘மற்றவை’ என்று பதிந்துவிட்டேன். மறந்து போகும் பாருங்கள், வீட்டுக்குப் போய்ப் போட்டால் தப்பு வரும். பேச்சியக்கா நம்பரும் அதில் ஏற்கெனவே இருந்தது, மகன் கல்யாணத்துக்குப் போட்டது. வேலை சுலபமாக முடிந்தது. பேச்சியக்கா ஒரு தடவை தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தார். நான் தலையசைத்தேன். போன் கையில்தான் இருந்தது, அதற்கென்ன?

இப்போது கேளுங்கள், இதில் என் தப்பு எங்கே இருக்கிறது. எங்கள் லோடு வண்டி டிரைவர் சேவுகன். மாஸ்டரை எடுத்துக்கொண்டு ஆம்பளைகள் சுடுகாட்டுக்குப் போனதும், இவன் வீட்டில் இருந்த ஐஸ் பெட்டியை வண்டியில் ஏற்றினான். ஏற்றினவன், நான் பழக்கின மாதிரி, போனில் ‘திரும்பியது’ என்று டிக் அடித்தான். அந்த வீட்டு வாசலிலேயே நின்று அடித்தான். ஒரு தெரு தள்ளிப் போய் அடித்திருக்கக் கூடாதா? அறிவு வேண்டாமா? கேட்டால், “மதினி, நீங்கதான ஏத்துன ஒடனே அடிக்கணும்னு சொன்னீக” என்கிறான்.

ஆம்பளைகள் காட்டில் இருக்கிறார்கள். பொம்பளைகள் குளித்துவிட்டு ஈரத் துணியோடு முற்றத்தில். பேச்சியக்கா போன் சத்தம் போட்டிருக்கிறது. அவருக்குப் படிக்க வராது. “யாரு தாயி?” என்று கேட்டிருக்கிறார். மருமகள் எடுத்து, “தனுஷ்கோடி மாமா கடையில இருந்து அத்தை” என்று சொல்லிவிட்டு, என்னவோ ஏதோ என்று சத்தமாக வாசித்துவிட்டாள். நாற்காலி இத்தனை. ஐஸ் பெட்டி ஒன்று. உங்கள் நிகழ்ச்சி சிறப்பாக நடந்ததா. நட்சத்திரம் கொடுங்கள். மீண்டும் வருக.

கடைசி வரியில்தான் அவளுக்குக் குரல் நின்றதாம். முதல் வரியிலேயே நிறுத்தியிருக்கலாம். படித்த பெண்தானே அவளும்?

சேவுகன் கயிறு கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். மகன் காட்டில் இருந்து வந்த ஈரத் தலையோடு பில்லுக்கு உண்டானதைப் போனிலேயே அனுப்பிவிட்டான். நம் ஆப் உடனே ரசீது கொடுத்தது. அந்த விஷயத்தில் அது கச்சிதம்.

அதற்கு அப்புறம்தான், முதலில் சொன்னேனே, கடை வாசலில் நடந்த அந்தச் சண்டை. இவர் கடைப் போனை அணைத்து இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சாவி அரைஞாண் கயிற்றில். “இனி கடைக்குப் போனே வேண்டாம், தேடுறவன் நேர்ல வரட்டும்” என்றார். அன்றோடு பேச்சும் நின்றது. சோறு வைத்தால் சாப்பிடுகிறார். உப்பு இல்லை என்றால்கூடக் கேட்பதில்லை. வேண்டுமென்றே ஒரு நாள் உப்பில்லாமல் வைத்துப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார்.

பேசாமல் இருந்தால் இருக்கட்டும், எனக்கென்ன? எனக்கு எரிச்சல் எதில் என்றால் அந்த அண்டாக்கள்தான். கருமாதிக்குப் பந்திச் சாப்பாடு இருக்கும் இல்லையா? மாஸ்டர் வழக்கமாக எடுக்கிற பெரிய அண்டா, தேக்சா, எல்லாவற்றையும் இவரே உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்துக் கடை வாசலில் கவிழ்த்து வைத்தார். கடையில் ஆள் இல்லையா தேய்க்க? இவரேதான். தேய்த்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நெடுங்குளத்தில் இருந்து யாரும் வரவில்லை. வேறு கடையில் எடுத்துவிட்டார்கள். கருமாதி அன்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வண்டியில் கிளம்பினார். இந்த விலக்கு வரைக்கும் வந்தாராம். வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றாராம். திரும்பி வந்துவிட்டார். பார்த்தவர்கள் சொன்னார்கள். என்னிடம் கேட்டிருந்தால் நான் கூட வந்திருப்பேன். கேட்டால்தானே!

அந்த அண்டாக்கள் இன்னும் வாசலில் அப்படியே கவிழ்ந்து கிடக்கின்றன. யார் கேட்டாலும், “அது ஒரு எடத்துக்குச் சொல்லி வச்சிருக்கு” என்கிறார்.

இருங்கள். போன். …

பார்த்தீர்களா? வந்துவிட்டது. இதுதான். இதற்காகத்தான் இந்த வெயிலில் பஸ் ஏறினேன். வாசியுங்கள். ‘நினைவூட்டல் அனுப்பப்பட்டது. வாடிக்கையாளர்: பேச்சியம்மாள்.’ நட்சத்திரம் கொடுக்காதவர்களுக்குத் தினமும் காலையில் ஒரு நினைவூட்டல் போகும்படி வைத்தேன். ஜனங்கள் சோம்பேறிகள், கேட்டால்தான் கொடுப்பார்கள் என்று. அது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. தினமும். அந்த வீட்டுக்கு. உங்கள் நிகழ்ச்சி சிறப்பாக நடந்ததா, உங்கள் நிகழ்ச்சி சிறப்பாக நடந்ததா என்று. அதன் நகல் எனக்கு வரும்.

நிறுத்தலாமே என்பீர்கள். ஒரு நிமிட வேலை. ஆனால் பயத்தில் நான் பாஸ்வேர்டை மாற்றப் போய், அது என்னையே வெளியே தள்ளிவிட்டது. உள்ளே போக வேண்டும் என்றால் கடை நம்பருக்கு ஓடிபி அனுப்புமாம். கடைப் போன் எங்கே? இரும்புப் பெட்டியில். சாவி எங்கே? அதுதான் சொன்னேனே.

கேட்கலாம். ஏன் கேட்கக் கூடாது? “ஏங்க, அந்தப் போனைக் கொஞ்சம் குடுங்க” என்றால் எதற்கு என்பார். எதற்கு என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை போனது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் அவர். தினமும் போகிறது என்று தெரிந்தால்… அவர் திட்டினால்கூடப் பரவாயில்லை. திட்டமாட்டார் என்றுதான் தோன்றுகிறது. அதனால் கேட்கவில்லை. யாரிடமும் போய் நிற்கிற பழக்கம் எனக்கில்லை.

தம்பி மகனிடமா? போங்கள்.

வேறு வழி ஒன்று இருக்கிறது. நான்தானே செய்தேன், எனக்குத் தெரியாதா? பேச்சியக்கா போனில் ஒரு நட்சத்திரம் அமுக்கிவிட்டால் போதும். ஐந்தெல்லாம் வேண்டாம். ஒன்று அமுக்கட்டும், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். அமுக்கிவிட்டால் அதோடு அடங்கிவிடும். உடனே ஒரு நன்றி மட்டும் போகும், அவ்வளவுதான். அந்த நன்றியில் என்ன எழுதினேன் என்று… பொறுங்கள். அதிலும் அந்தக் கடைசி வரி இருக்கிறதோ? இருக்காது. இருக்கலாம். சிஸ்டர் பெனிக்னா… சரி, அது வந்தால் அந்த இடத்திலேயே அழித்துவிடலாம், நான் பக்கத்தில்தானே இருப்பேன்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, துட்டி கேட்கப் போகக் கூடாதாமே? பக்கத்து வீட்டம்மா கேட்டில் நின்று சொல்கிறார். நினைவூட்டல் கிழமை பார்த்தா போகிறது? கிளம்பிவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். விளக்கம் சொல்லப் போகிறேன். விளக்கினால் புரியாதவர்கள் யார்?

என்ன, கண்டக்டர் கத்துகிறாரா? “வெலக்கு எறங்குறவுக முன்னாடி வாங்க!” வருகிறேன் ஐயா, வண்டி நிற்கட்டும். பறக்கிறார்.

ஒன்று செய்கிறீர்களா? ஒரு நிமிடம் நீங்கள்தான் பேச்சியக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அந்த வீட்டில் வாங்க என்று யாரும் சொல்ல மாட்டார்கள், துட்டி வீட்டு வழக்கம் அது, நானாகத்தான் உள்ளே போய் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டேன். இப்படி.

“அக்கா, நான் தனுஷ்கோடி வீட்டுல ஹேமா. அந்த மெசேஜு யாரும் வேணும்னு அனுப்புறதில்லக்கா, அது ஒரு செட்டிங்…”

இல்லை. இது சரியில்லை. செட்டிங் என்றால் அவருக்கு என்ன தெரியும்?

“அக்கா, ஒங்க போனை ஒரு நிமிசம் குடுங்க. ஒண்ணுமில்ல, ஒரு நட்சத்திரம் இருக்கும், அத…”

இதுவும் இல்லை. செத்த வீட்டில் போய் நட்சத்திரம் கேட்கிறாள் என்பார்கள். இருங்கள், இருங்கள். வேப்ப மரம் வந்துவிட்டது.

“அக்கா. அண்ணனுக்குத் தேச்சு வச்ச அண்டா எங்க கடை வாசல்லயேதான் கெடக்கு. இவுக ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேங்கிறாக. எங்கிட்டப் பேசுறதும் இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லி விடுங்கக்கா. வந்துட்டுப் போகச் சொல்லி, ஒரே ஒரு வார்த்தை. நீங்க கூப்பிட்டாத்தான் இவுக வருவாக…”

இது சரியாக இருக்கிறதா? சொல்லுங்கள். நீங்கள்தானே இப்போது பேச்சியக்கா. வண்டி நிற்கப் போகிறது, ஏதாவது ஒன்று சொல்லுங்கள்.